பயணியா, மாணவியா

பேனா மையை அப்பாவின் கட்டைவிரலில் நான் தடவியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கப்பலேறுறப்ப ஒருதரம் வச்சேன். அப்புறம் மாசாமாசம் சம்பளத்துக்கு வக்கிறேன். இப்ப ஆகாசத்துக்குமா?"

"எனக்கு இருபத்தொண்ணு ஆகலப்பா. நீங்க சம்மதம் குடுத்தாதான் விமானம் ஓட்டக் கத்துக்க விடுவாங்க."

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட என்ன சொல்றது? பொண்ணு கீழ இல்ல, மேல இருக்குன்னா?"

"எறங்கி வந்துருமில்ல. நீ ஏன் கத்துற?" என்று சொல்லிவிட்டு அப்பா விரலைத் தாளில் அழுத்தினார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில், போன ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது இது. அப்பா தண்டவாளம் பழுது பார்க்கும் கும்பலில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான்தான். படித்த பள்ளியிலேயே இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன்.

விமானம் என் தோழியுடையது. ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் மகள், சீனப்பெண். ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளை வளர்த்த ஆயா தமிழச்சி என்பதால் தமிழில் என்னோடு சண்டை போடுமளவுக்குப் பேசுவாள். விமானம் ஓட்டும் உரிமம் வாங்கி, பிறருக்குக் கற்றுத்தரும் அனுமதியும் வாங்கியிருந்தாள். "நீ ஊருக்கெல்லாம் பாடம் சொல்லப் போற. முதல்ல நான் உனக்குச் சொல்லித்தரேன்" என்று ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை விமானத் திடலின் செயலாளர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். வெள்ளைக்காரர், நரைத்த மீசை. மற்றவர்கள் அவரை, துரை என்பதற்குப் பதிலாக மலாயில் துவான் என்றார்கள். மைக்கறையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது கையெழுத்து இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"என் தந்தை எழுதப் படிக்கத் தெரியாதவர். இது அவருடைய கைநாட்டு."

"கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் பயணியாகப் போய் வரலாம். விமானத்தைத் தொடக்கூடாது."

தோழி என்னை வெளியே இழுத்துப் போனாள். "ஏய், வேற தாள் வாங்கித் தரேன். உங்கப்பா பேரை நீயே அழகா எழுதிப் போடு லா. யாருக்குத் தெரியப்போகுது?"

அது ஒரு நிமிட வேலை. என் கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசுகூடக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து வேலை வாங்க அந்தக் கட்டைவிரல் போதுமாம். அவர் மகள் அரைமணி நேரம் வானத்தில் பாடம் படிக்க மட்டும் போதாதாம்.

"மாட்டேன். அவர் வச்சதுதான் அவர் சம்மதம். அதை மறைச்சு நான் எழுத மாட்டேன்."

"அப்ப பயணிதான்."

"சரி. ஏறுவோம்."

பழக்கதோஷத்தில், ஏறும் முன் செருப்பைப் புல்லில் கழற்றி வைத்துவிட்டேன். புத்தகத்தையோ கருவியையோ செருப்புக் காலோடு அணுகிப் பழக்கமில்லை எனக்கு. விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி சுழன்றதும் அந்தக் காற்றில் இரண்டு செருப்பும் திடலின் ஓரம்வரை உருண்டு ஓடின. யாரோ சிரித்தார்கள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே தோழியின் தோல்சட்டையை மாட்டியிருந்தேன். உட்காரக் கூரையில்லாத இரண்டு குழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் அவள், பின்னால் நான். அவள் பேசுவது ஒரு ரப்பர் குழாய் வழியாக என் காதுக்கு வந்தது.

தரை விலகியது. ரப்பர் மரங்கள் வகிடெடுத்த தலைபோல வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஈயச் சுரங்கத்துக் குளங்கள் பச்சையும் பாலுமாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கிள்ளானை நோக்கி ரயில் பாதை போயிற்று. அதில் எத்தனை மைலை அப்பா குனிந்து குனிந்தே கடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயில் அவள் குரல் வந்தது. "இங்க எந்தத் துவானும் இல்ல. முன்னால இருக்கிற கோலைப் பிடி. கால் ரெண்டையும் கீழ இருக்கிற கட்டைமேல வை. நான் கையை எடுத்துட்டேன், பாரு!"

தலைக்கு மேல் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள்.

பிடித்தேன். வெறும் பாதத்தில் கட்டையின் அதிர்வு ஏறியது. என் கால்கள் தாமாகவே ஒரு வேலையைத் தொடங்கின. தையல் வகுப்பில் மெஷினை மிதித்துப் பழகிய கால்கள் அல்லவா? இடம் வலம், இடம் வலம் என்று மிதிக்க, விமானம் மூக்கை அங்குமிங்கும் ஆட்டியது.

"ஐயோ! ஜாக்கெட்டா தைக்கிற? காலைச் சும்மா வை லா! திரும்ப வேண்டிய பக்கம் மட்டும் மெல்ல அமுத்து!"

சும்மா வைத்தேன். விமானம் அடங்கியது. பிறகு இடது காலை மெல்ல அழுத்தி, கோலையும் இடப்பக்கம் சாய்த்தேன். அடிவானம் முழுவதும் எனக்காகச் சரிந்தது. வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் ஒன்று. மூன்று திருப்பங்களும் நானே செய்தவை.

இறங்கியதும் செயலாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். என் பெயருக்கு எதிரே 'பயணி' என்று அவரே எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மேலே விமானம் ஆடியதே?" என்றார்.

தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். "காத்துன்னு சொல்லு" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"நான்தான் ஓட்டினேன். முதலில் தப்பாக, பிறகு சரியாக" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. அப்படிப் பதிவேட்டில் எழுதினால், விதியை மீறியதற்காகத் தோழியின் விமானம் இரண்டு வாரம் கொட்டகையைவிட்டு வெளியே வராது என்றார். பயணி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சை அவர் கேட்கவே இல்லையாம்.

அப்போதுதான் எனக்குத் தயக்கம் வந்தது. வீம்பு என்னுடையது, விமானம் அவளுடையது. அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ வேணாம்னு சொன்னா எழுதல. ஆனா பயணின்னு கையெழுத்தும் போட மாட்டேன். இனிமே இங்க வரவும் மாட்டேன்."

அவள் என்னை முறைத்தாள். "ஏழு வருஷமா உன்னோட இதே தொல்லை" என்றாள். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து என் கையில் திணித்தாள். "எழுது. கோணலா எழுதின, கொன்னுடுவேன்."

பயணி என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தேன். அதன்மேல் ஆங்கிலத்தில் மாணவி என்று எழுதி, என் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு, "இரண்டு வாரம்" என்றார்.

"அப்படியானால் மூன்றாம் ஞாயிறு, காலை எட்டு மணிக்கு வருகிறோம்" என்றேன்.

 பதிலுக்காக நிற்காமல், என் செருப்பைத் தேடித் திடலின் ஓரத்துக்கு நடந்தேன்.