குப்புறப் படுத்திருந்த அப்பா

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஓசூரில் லேத்துப் பட்டறை வைத்து என் கையாலேயே முன்னுக்கு வந்து, இப்போது மனைவியோடு சனி, ஞாயிறுக்குத் தாய்லாந்து போய் வருகிறேன். எங்கள் ஊரில் படித்தவர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள்? போன வாரம் அங்கே அருவியோரம், எண்ணெய் தேய்த்துவிடும் கொட்டகைக்குள் நுழைந்தேன். காய்ச்சிய எண்ணெயும் ஈரப் பாறையும் கலந்த வாசனை, என்னை ஐம்பதுகளின் ஒகேனக்கலுக்கு இழுத்துப் போனது.

நாகரசம்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் போயிருந்தோம். அப்பாவை எண்ணெய் தேய்க்கிறவரிடம் விட்டுவிட்டு, அம்மா என்னோடு மீன் வாங்கப் போனாள். திரும்பி வந்தால், அப்பாவின் சிவப்புத் துண்டு ஆற்றில் மிதக்கிறது.

"ஐயோ, உங்கப்பா ஆத்தோட பூட்டாரே" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பரிசல்காரர் பாறைப் பக்கம் கை காட்டினார். "அழுவறதுக்கு முன்னாடி அங்க படுத்திருக்கறவங்களப் பாரும்மா."

பாறை முழுக்க ஆண்கள், கோவணத்தோடு எண்ணெய் வழியக் குப்புறப் படுத்திருந்தார்கள். எல்லா முதுகும் ஒரே கறுப்பு, ஒரே மினுமினுப்பு. அயல் ஆணின் முகத்தை நிமிர்ந்து பார்க்காத அம்மா, ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

"யாரும்மா நீ? நான் ஜூஜுவாடிக்காரன்" என்றார் ஒருவர்.

அடுத்தவர் அப்பா. "இன்னாடி, இன்னும் எண்ணெ ஊறலியே" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

"ஊறட்டும், நல்லா ஊறட்டும்" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வண்டி கட்டும்வரை அவர் கையை விடவில்லை.

தாய்லாந்துக் கொட்டகையில் வரிசையாகக் கட்டில்கள் கிடந்தன. நான் எதில் படுக்கிறேன் என்று என் மனைவிக்குக் காட்டிவிட்டுத்தான் குப்புறப் படுத்தேன்.