ஒயில் கூடுகிற கார்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய மொறிஸ் மைனர் காரின் ஒயிலை வடித்தது. நான் காருக்குக் கீழே படுத்து ஒயில் அடைப்பு ஆணியைக் கழற்றினேன். அவர் ஒயில் ஏந்தும் பேசினைப் பிடித்தார். எஞ்சின் ஒயில் கெட்டியாக இழுபட்டு விழவேண்டும். இது வெறுந்தேத்தண்ணி போலக் கொட்டியது. மண்ணெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. அப்பா விரலால் தொட்டார், முகர்ந்தார், விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"வெயிலுக்கு இளகியிருக்கு," என்றார்.

பண்டத்தரிப்பில் அப்பா ஆழ்வாப்பிள்ளையின் கார் முப்பது வருடம் வாடகைக்கு ஓடியது. அந்த முப்பது வருடத்தில் எஞ்சினைப் பற்றி அவர் ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. அதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்வார். எஞ்சின் ஓடும்போது அதன் மூடியான பொனற்றில் கையை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பதுபோல நிற்பார். பார்க்க ஆட்கள் இருந்தால் கூடுதல் நேரம் நிற்பார்.

தொண்ணூறில் யுத்தத் தடையால் எங்கள் பக்கம் பெற்றோல் வரவு நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தப் பெற்றோலை விட எல்லோரும் மருந்துப் போத்தலும் றப்பர்க் குழாயும் வைத்திருந்தார்கள். எவ்வளவு விடுவது, எப்போது மாற்றுவது என்பதை அப்பா அன்றைய மனநிலையைக் கொண்டு தீர்மானிப்பார்.

நான் கொழும்பில் மின்னணுவியல் படித்தவள். எண்பத்துமூன்று கலவரத்தோடு ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கி, வீட்டில் றேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். பழைய றேடியோ உதிரிகளைக் கொண்டு ஒரு பெட்டி செய்தேன். அது எஞ்சினின் சூட்டை உணரும். போதிய சூடு வரும்வரை பெற்றோலைத் திறந்து வைத்திருக்கும். வந்தபின் தானே மண்ணெண்ணெய்க்கு மாற்றும். மாறவேண்டிய சூட்டை ஒரு சிறு திருகாணியில் நிர்ணயித்து, அதன்மேல் அரக்கு ஊற்றினேன். அப்பாவின் கை எனக்குத் தெரியும்.

அவர் அரக்கைச் சுரண்டி எடுத்தார்.

பெட்டிக்குக் கொம்பியூட்டர் என்று பெயர் வைத்தார். சந்தியில் காரை நிறுத்தி, பொனற்றைத் திறந்து காட்டினார். யாராவது, பெற்றோல் அதிகம் குடிக்கும் போலிருக்கே என்று சொன்னால் போதும், திருகாணியைக் குறைத்துவிடுவார். இப்படிக் குறைத்துக் குறைத்து, பச்சைக் குளிரிலேயே எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மாறியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்தது. ஒயில் மட்டம் ஏறியது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றவர்களின் காருக்கு ஒயில் குறைகிறது, தன்னுடைய காருக்குக் கூடுகிறது என்று ஊரெல்லாம் சொன்னார். ஊரும் அதை நம்பியது. ஒயில் பெருகுகிற காரைக் காணச் சிலர் சைக்கிளில் வந்தார்கள்.

கூடுவது ஒயில் அல்ல, மண்ணெண்ணெய் என்று நான் சொன்னேன்.

"நீ சொல்லுறது புத்தகத்து எஞ்சின், பிள்ளை. இது பண்டத்தரிப்பு எஞ்சின்."

இதற்கிடையில் சங்கானைக் கார்க்காரர் அருளம்பலமும் வேறு சிலரும் என்னிடம் பெட்டி வாங்கித் தங்கள் கார்களில் பூட்டியிருந்தார்கள். அவர்கள் அரக்கைத் தொடவில்லை. அவர்களுடைய கார்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. றேடியோ திருத்துவதைக் குறைத்து, இதையே தொழிலாகச் செய்யலாம் என்று நினைத்தேன்.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் எங்கள் ஒழுங்கைச் சிவக்கொழுந்தக்காவின் மகளுக்குக் கலியாணம். சண்டிலிப்பாயிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிவர அப்பாவின் கார். மாப்பிள்ளை, தோழன், பெரிய மாமன், பூமாலை. பாதி வழியில் எஞ்சின் டக்குடக்கென்று அடித்து, இறுகி நின்றது. ஒயில் தண்ணீராகிப்போன எஞ்சினில் பெயரிங் தேயாமல் இருந்தால்தான் அதிசயம். மாப்பிள்ளை தலைப்பாகையோடு சைக்கிள் கரியரில் ஏறினார். முகூர்த்தம் தவறாமல் மயிரிழையில் தப்பியது.

அப்பா பந்தலுக்கு நடந்து வந்தார். பெரிய மாமன், "என்ன ஐயா, உம்மடை காரிலை ஒயில் வழிஞ்சு ஓடுதாமே? கொஞ்சம் வடிச்சுப்போட்டு ஏத்தியிருக்கலாமே?" என்று கேட்டார். பந்தல் சிரித்தது. முப்பது வருடத்தில் அவரைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

"காரிலை ஒண்டுமில்லை," என்றார் அப்பா. "பிள்ளை செய்த பெட்டி பிழை விட்டிட்டுது."

நான் சபையில் இருந்தேன். சிவக்கொழுந்தக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கிழமைக்குள் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கார்களிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்கள். அருளம்பலம் தன்னுடையதைப் பேப்பரில் சுற்றி வந்து, "கோவியாதை பிள்ளை. செய்தவளின்ரை தேப்பனே சொல்லுறார்," என்றார். எந்தச் சோதனைக் கருவியும் அந்த வாதத்தை அளக்காது.

அதனால்தான் ஒயிலை வடிக்க அப்பாவை வரச் சொன்னேன். வெயில் என்று அவர் சொன்னதும், பேசினிலிருந்த ஒயிலில் ஒரு துணியை நனைத்து, கல்லில் வைத்து நெருப்புக் குச்சியைக் கிழித்தேன். துணி குப்பென்று பற்றியது. நல்ல ஒயில் அப்படிப் பற்றாது என்பது புத்தகம் வாசிக்காதவருக்கும் தெரியும்.

அப்பா துணி எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் திருகாணி," என்றார். "நான்தான் திருகினனான்."

"எனக்குத் தெரியும். சிவக்கொழுந்தக்காவுக்குத் தெரியாது."

"நாளைக்குக் காலமை போய்ச் சொல்லிப்போட்டு வாறன். பெட்டியிலை பிழையில்லையெண்டு. அருளம்பலத்தட்டையும் சொல்லுறன்."

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டார். வாசல் படலையைத் திறந்தவர், அதைப் பிடித்தபடியே கீழே சரிந்து இருந்தார். நான் ஓடிப்போனபோது மூச்சில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அவர் காதாலேயே எஞ்சினை வாசிப்பார் என்றார்கள். இப்படி ஒரு கைராசி இனிப் பிறக்காது என்றார்கள். அந்தக் கைராசியின் விளைவு கார்க் கொட்டிலில் இறுகிப்போய் நின்றது. சிவக்கொழுந்தக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "அந்தப் பெட்டியாலை வந்த கவலைதான் அண்ணையைக் கொண்டுபோட்டுது," என்றார். அவருடைய தோளில் முகம் வைத்து நானும் அழுதேன். வேறென்ன செய்வது?

நான் போய்ச் சொன்னால், செத்த மனிசன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். அப்பா போயிருந்தாலும் முற்றத்தில் இரண்டு பேர் கூடுதலாக நின்றிருந்தால் வேறு கதைதான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் போவதற்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சிவக்கொழுந்தக்காவின் வீடு படலையிலிருந்து கூப்பிடு தூரம்.