சவுரியம்மாள் நிறுத்தி வைத்த வாத்தியார்

ஆம்பூரில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு துரைசானி பள்ளிக்கூடம் நடத்திவந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறோ ஏழோ. அங்கே சமையலுக்கு இருந்தவள் சவுரியம்மாள். தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த இருதயராஜின் மூத்த மகள். விரிஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனை அம்மைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள். சம்பளம் வாங்கியது சோறாக்க. பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடித்ததும் அவள்தான்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க கோஷா வீட்டுப் பெண் வஜீதாவை அவள்தான் அழைத்து வந்தாள். வஜீதாவின் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு பழகிய பெண்ணை விட்டால் இந்த வேலைக்கு வேறு யார் கிடைப்பார்கள்? "பொண்ணுங்க ரூமுல ஆம்பள நிழல் படாது பாய்" என்று வஜீதாவின் அப்பாவிடம் மாதா மேல் சத்தியம் பண்ணினாள். மாதாதானே அவர்களுக்கு மரியம் பீவி; அந்தப் பேரைக் கேட்டதும் அவரும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் பயிற்சி சர்ட்டிபிகேட் உள்ள வாத்தியார் ஒருவராவது இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். சென்னையிலிருந்து வந்தவர்களோ நிற்கவில்லை. காற்று திரும்பினால் போதும், ஊறின தோலின் வாடை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். ஒருவர் மூன்றாம் நாளே போனார். இன்னொருவர் வந்த வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

ஆறாவதாக வந்தவர் ராமமூர்த்தி. உதட்டைக் காட்டிப் பேசக் கற்றுக்கொடுக்கிற வேலை அவருக்கு. ஒரு சொல் சொல்வார், கைக்குட்டையை மூக்கில் வைப்பார், அடுத்த சொல்லுக்கு எடுப்பார். அப்படியே ஆறு மாதம் ஓட்டினார். கையை ஆட்டிப் பேசக் கூடாது என்பது அவர் படித்த முறை. அதனால் பிள்ளைகளின் கைப்பேச்சு அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். சனிக்கிழமை காலையில் ராமமூர்த்தியின் அறைக்குக் கஞ்சி கொண்டுபோன சவுரியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, பொட்டி கட்டிட்டீங்க?"

"மெயிலுக்குப் போறேம்மா. வண்டிக்குச் சொல்லியாச்சு."

"வாடை ஜாஸ்தியா கீதுங்களா?"

"வாடை பழகிப்போச்சு. அவமானம்தான் பழகலை. அங்க பாருங்க."

வெளியே இரண்டு பையன்கள் அவர் அறையைக் காட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க போனாலும் இதான். கடைத்தெருவுல கூட! இதுக்கா நான் இவ்ளோ பாடுபட்டேன்?"

சவுரியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கஞ்சிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவருடைய பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கம்மா."

"ஐயே, அது கிண்டல் இல்ல வாத்தியாரே. அது உங்க பேரு."

"பேரா?"

"பேரச் சொன்னா இதுங்களுக்குக் காதுல உழுமா? ஆளப் பாத்து அதுங்களே ஒண்ணு வெச்சுக்கும். எனக்கு இது." கன்னத்து மருவைத் தொட்டாள். "வஜீதாவுக்கு இது." முந்தானையை முகத்துக்கு மேலே இழுத்தாள். "துரைசானி அம்மாவுக்கு..." முன்பல்லைத் துருத்திக் காட்டினாள். "அவங்களாண்ட சொல்லிப்புடாதீங்க."

ராமமூர்த்திக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னால அஞ்சு பேரு வந்தாங்க. ஒருத்தருக்கும் பேரு கெடயாது. ஓடிப்போறவங்களுக்கு எதுக்குன்னு உட்டுடுச்சிங்க. அந்தோணிப் பையன் காய்ச்சல்ல கெடந்தப்ப மூணு நாளு கூடவே குந்தினு இருந்தீங்களே, அப்ப வெச்சதுங்க உங்களுக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "கண்ணாடி போட்டிருக்கேனே, அதை வெச்சு மரியாதையா ஒரு பேரு மாத்தச் சொல்லக் கூடாதா?"

"எங்க சாமியாரே வந்து ஞானஸ்நானம் குடுத்தாலும் மாத்தாதுங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வஜீதாவின் குரல் வந்தது. "சவுரி அக்கா, ஸ்டேஷன் வண்டி வந்து நிக்குது. இன்னா சொல்லட்டும்?"

சவுரியம்மாள் வாத்தியாரைப் பார்த்தாள்.

"போகச் சொல்லுங்க" என்றார் ராமமூர்த்தி. "நீங்க கொஞ்சம் எழுந்திரிங்கம்மா. திங்கக்கிழமைக்கு வேண்டிய புஸ்தகம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

திங்கட்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதிவிட்டுப் போனார். ராமமூர்த்தி அதற்கப்புறம் பதினொரு வருஷம் ஆம்பூரில் இருந்தார். நடுவில் மறைப்புத் தட்டி வைத்து, இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கம் இருந்த வஜீதாவுக்குப் பாடம் சொல்லி, மூன்றாம் வருஷம் அவளையும் சர்ட்டிபிகேட் வாங்க வைத்தார்.