ஐஸ்காரம்மா போட்ட கூட்டுக் கையெழுத்து

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில் ஐஸ் ஆலை வைத்திருந்தவளை எல்லாரும் ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவருக்கு முதுகு ஒடிந்த பிறகு தனியாளாய் ஆலையைத் தூக்கி நிறுத்தியவள். கம்ப்ரஸருக்கு வங்கிக் கடன், மின்கட்டணத்துக்கு வட்டிக்காரன் என்று கழுத்தை நெரித்தாலும் தவணை மட்டும் தவறியதில்லை.

அவள் தம்பி குளிர்சாதன வேன்கள் ஓட்டிவந்தான். அவன்தான் அந்த யோசனையோடு வந்தான்.

"அக்கா, உன் மெஷின் கடன், என் வேன் கடன், கரண்ட் பில்லுக்கு ஓவர்டிராஃப்ட், எல்லாத்தையும் பேங்க்ல ஒரே கடனாத் தராங்க. வட்டியும் கம்மி."

"பேப்பர்ல என்னடா எழுதியிருக்கு?"

"வரி விடாம படிச்சுட்டேன்க்கா. வழக்கமான சமாச்சாரம்தான்."

அவனைப் படிக்க வைத்ததே அவள்தான். அதற்குமேல் என்ன கேட்பது? ஆலையையும் வீட்டையும் ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் போனது. வட்டிக்காரன் தொல்லை ஒழிந்தது. மழைக்காலத்தில் வியாபாரம் படுத்தபோது ஓவர்டிராஃப்ட் கைகொடுத்தது. தவணையில் தன் பங்கை அவளே போய்க் கட்டிவிடுவாள்.

பிறகொரு நாள் மின்கட்டணக் காசோலை திரும்பி வந்தது. பதறிப்போய் வங்கிக்கு ஓடினாள்.

"நீங்க ஒழுங்காத்தான் கட்டியிருக்கீங்கம்மா," என்றார் மேலாளர். "உங்க தம்பி கட்டல, அதான் ஓவர்டிராஃப்டை நிறுத்திட்டோம். கடன் ஒண்ணுதானே? ஒரு பங்கு நின்னாலும் மொத்தத்தையும் கேட்கலாம், ரெண்டு பேர் சொத்தையும் எடுக்கலாம். இதை அவர்கிட்ட விளக்கினோமே. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்னாரு."

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெரிஞ்சுதான் செஞ்சியா?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பவே என் வேனுக்குப் பாக்கி விழுந்திருந்துச்சுக்கா. சொல்லியிருந்தா நீ கையெழுத்து போட்டிருக்க மாட்டே."

"அதுக்குத்தான்டா சொல்லியிருக்கணும்!"

தம்பிமேல் வழக்குப் போடலாம், ஆனால் வங்கிக்கு உங்கள் கையெழுத்தே போதும் என்று வக்கீல் கையை விரித்தார். இருந்தாலும் வங்கியோடு பேசி ஒரு வழி கண்டார். வீட்டை விற்று அவன் பாக்கியை அடைத்தாள். ஆலையின் கடனை மட்டும் தன் பெயருக்குத் தனியாகப் பிரித்து எழுதிக்கொண்டாள். கணவனும் மனைவியும் ஆலைக்குப் பின்னால் இருந்த கிடங்கறைக்குக் குடிவந்தார்கள். கம்ப்ரஸர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பாவம், சின்னவன்," என்றார் கணவர் ஒருநாள்.

"எனக்கு இருந்தது ஒரே தம்பி," என்றாள்.

அடுத்த மாதம் தம்பி மனைவி வாளியோடு ஐஸ் வாங்க வந்தாள். ஐஸ்காரம்மா பிள்ளைகளை விசாரித்தாள், கட்டியை உடைத்து வாளி நிறையப் போட்டாள். நீட்டிய காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்காரர்களிடம் அதுவரை அவள் காசு வாங்கியதே இல்லை.