முதலைக்குக் கொடுத்த குரல்

என் வீட்டுக்காரருக்கு டப்பிங் தொழில். கார்ட்டூன் படத்தில் வெளிநாட்டுக்காரன் மாதிரி பேசுகிற கெட்டவன் வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கொள்ளைக்கார ஓநாய், விஷம் வைக்கிற வைத்தியர், ராஜாவைக் கவிழ்க்கிற மந்திரி எல்லோருக்கும் வாய் இவருடையது. ஒத்திகை எங்கள் துணி அலமாரிக்குள். அங்கே எதிரொலி வராதாம். இஸ்திரி போட்டு மாட்டிய துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, "உன்னை விட மாட்டேன்" என்று உறுமுவார். துணியெல்லாம் எச்சில். கேட்டால் தொழில் என்பார்.

கடைசியாக வந்தது ஒரு முதலை.

"ஒரே குளத்துல பொறந்து வளர்ந்ததுங்க. தவளை, ஆமை, மீனெல்லாம் ஒழுங்காப் பேசுது. முதலைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு வெளிநாட்டுப் பேச்சு?" என்று கேட்டேன்.

"டைரக்டர் கேக்கறாரு. அப்பத்தான் அது கெட்டவன்னு குழந்தைங்களுக்குப் புரியுமாம்."

"ஆமைக்குஞ்சைப் பிடிச்சுத் திங்குதே, அது போதாதா?"

அலமாரிக் கதவு சாத்திக்கொண்டது.

என் தங்கையின் கணவர் நிஜமாகவே வெளிநாட்டுக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு முட்டி மோதித் தமிழ் கற்றுக்கொண்டார். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "அப்படித்தானே?" என்று சேர்த்துக்கொள்வார். "எனக்குப் பசிக்குது, அப்படித்தானே?" என்பார். உங்கள் பசி எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஆனாலும் மனுஷர் விடாப்பிடி. முதல் வகுப்புப் படிக்கும் மகளிடம் தமிழைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். அவளுக்குத் தான் வேற்றாளாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு கவலை.

அவர் வந்தால் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயையே பார்ப்பார். சகலை மேல் என்ன பாசம் என்று நானும் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படத்துக்குக் குடும்பத்தோடு போனோம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முதலை தலையைத் தூக்கியது. "உன்னைத் திங்கப் போறேன், அப்படித்தானே?" என்றது. அதே இழுப்பு, அதே தயக்கம். தியேட்டரே சிரித்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றோடு அவருடைய தமிழ் நின்றது. சில நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். "பாப்பாகிட்டயும் இங்கிலீஷ்தான்க்கா. தூங்க வைக்கிறப்போ கதை சொல்லுவாரு, அதையும் நிறுத்திட்டாரு. அவ கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டா."

இவரைப் பிடித்து உலுக்கினேன். "நான் என்ன அவரைத் திட்டினேனா? கேரக்டருக்கு ஒரு சாயல் வேணும், எடுத்துக்கிட்டேன்" என்றார். அதோடு விட்டாரா? "ரெண்டாம் பாகம் எடுக்கப் போறாங்க. அவரு ஒரு தடவை வந்து பேசினா நல்லாருக்கும். அந்தத் தொனி கொஞ்சம் மறந்து போச்சு" என்றார்.

அடுப்பை அணைத்தேன். "சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

தங்கை வீட்டு லிஃப்டில் போகும்போது "மன்னிச்சிடுங்க" என்று ஒத்திகை பார்த்தார். ஏதோ தோற்றுப்போன ராஜா பேசுவது போல் இருந்தது.

"உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க."

"இதுதான் சொந்தக் குரல்" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒருவழியாகச் சொல்லி முடித்தார். தங்கை கணவர் மேசை மேல் சிதறிக் கிடந்த கிரேயான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு தமிழில் பேசினார்.

"கோவம் இல்ல அண்ணா. முதலை பேசினதும் பாப்பா என்னைப் பார்த்தா. 'அப்பா'ன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவ என் கையைப் பிடிச்சிட்டு இருந்தா. அப்போ விட்டுட்டா."

கூடவே வருகிற "அப்படித்தானே" இந்த முறை வரவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த பாப்பா நிமிராமலே, "கை தட்டணும்ல" என்றாள்.

"எதுக்குடி?" என்றேன்.

"அப்பா சினிமாவுல பேசினாருல்ல, எல்லாரும் சிரிச்சாங்கல்ல. நானும் தட்டினேன். அதுக்கு ரெண்டு கையும் வேணும் பெரியம்மா."

அவள் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான் இல்ல பாப்பா. பெரியப்பா பேசினது" என்றார்.

பாப்பா என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரியப்பாவுக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது" என்றாள்.

"ஆமாம்மா, எனக்கு எங்கே தெரியும்? உங்கப்பாதான் பேசினாரு" என்றார் இவர். தன் பெயர் திரையில் வர வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் சண்டை போடுகிற மனுஷர்.