மேப் மட்டும் போட்டால் போதும் என்ற சார்

சோஷியல் சார் இறந்துவிட்டார். நேற்று மதியம், கள்ளக்குறிச்சியில், அவர் வீட்டிலேயே.

பழைய மாணவர்கள் ஃபேஸ்புக் குரூப்பில் காலையிலிருந்து கைகூப்பிய படங்கள். "ஒருத்தரைக்கூட ஃபெயிலாக விடாத தெய்வம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஃபெயிலாக விடவில்லை என்பது உண்மை. தெய்வம் பற்றி எனக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறும் புவியியலும் எடுத்தார். எடுத்தார் என்றால்... அவர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். புத்தகத்தை அவர் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

"நான் சொன்னத கமா மாறாம எழுதுங்க. சொந்த சரக்கு வாணாம்."

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். புக் செட், மேப் செட்.

புக் செட்டுக்கு வகுப்பறைக்குள் நோட்ஸ். மேப் செட் வராந்தாவில் உட்கார்ந்து மேப், காலக்கோடு, கோடிட்ட இடங்கள், இவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதிலேயே முப்பத்தைந்து தேறிவிடும் என்பார். தேறிவிடும். அதில் அவர் கெட்டிக்காரர்.

"சார், கங்கை எந்தப் பக்கம் போவுது?" என்று மேப் செட்டில் ஒருத்தி கேட்டாள்.

"நீ கோட்டப் போடு. அது போவும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நான் புக் செட்.

அலமேலு மலைமேல் கரியாலூர் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். காலாண்டில் சோஷியலில் என்னைவிட எட்டு மார்க் அதிகம். டீச்சர் டிரெயினிங் முடித்து மலைப் பள்ளிக்கே டீச்சராகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அரையாண்டில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். மண் அரிப்பைத் தடுப்பது எப்படி என்று ஒரு கேள்வி. சாரின் நோட்ஸில் ஐந்து பாயின்ட். எனக்கு இரண்டுக்கு மேல் வரவில்லை.

அலமேலு எழுதிக்கொண்டிருந்தாள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினால் மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாது. சாமையோடு துவரையும் கலந்து விதைத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

நோட்ஸில் இது கிடையாது. நான் அப்படியே எழுதினேன்.

எங்கள் நிலம் சின்னசேலம் பக்கம். தட்டையான கரும்பு வயல். அதில் சரிவும் இல்லை, கல்லும் இல்லை.

பேப்பர் கொடுத்த அன்று சார் இரண்டு விடைத்தாளையும் தூக்கிப் பிடித்தார்.

"ரெண்டுலயும் அதே வரி. இன்னா அலமேலு, மலையில இருந்து எறங்கி வந்து காப்பி அடிக்கிறியா?"

"இல்ல சார். அது எங்க கொல்லையில..."

"கொல்லையில இன்னா? நோட்ஸ் மொளச்சிக்கினு இருக்குதா?"

வகுப்பே சிரித்தது. சார் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

"தோழியக் காட்டிக் குடுக்க மாட்டேங்குது பாரு" என்றார், மெச்சுகிற குரலில்.

புவியியல் வாத்தியார். எங்கள் இருவரில் யார் நிலத்தில் கல் அடுக்குவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றே அலமேலு மேப் செட்டுக்குப் போனாள். "உனக்கு மேப் போதும். பாஸ் பண்ணு, மலையே பாராட்டும்."

"சார், உள்ள ஒக்காந்து நோட்ஸ் மட்டும் கேட்டுக்கினு இருக்கேன் சார்."

"வாணாம். கொழப்பிக்குவ."

மதிய இடைவேளையில் என் நோட்டைக் கேட்டு வந்தாள். இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாம் முறை, எனக்கே படிக்க வேண்டும் என்றேன்.

அந்த வருடமும் எல்லோரும் பாஸ். ஹெட்மாஸ்டர் மிட்டாய் கொடுத்தார். அலமேலுவுக்கு மற்ற பாடங்களில் எழுபதுக்குக் குறையவில்லை. சோஷியலில் நாற்பத்திரண்டு.

"வாத்தியாரே இவ்ளோதான்னு சொல்லிட்டாரு. மேல படிச்சி இன்னா பண்ணப் போற?" என்று அவள் அப்பா ஹாஸ்டல் வாசலிலேயே சொன்னார். பெட்டியோடு பஸ் ஏறினாள்.

எனக்குத் தொண்ணூற்றொன்று. பல்கலைக்கழகம் வரை போனேன்.

இன்று காலையில் அலமேலுதான் முதலில் ஃபோன் செய்தாள்.

"ஏய், சார் பூட்டாராம்டி."

"பார்த்தேன்."

"நல்ல மனுஷன்டி. அவரு மட்டும் மேப் போட வெக்கலன்னா நான் எங்க பாஸாகியிருப்பேன்? எனக்குத்தான் சோஷியல் மண்டையில ஏறவே இல்லியே."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னாடி, அழுவுறியா?"

"இல்லை."

"நீ ஃபேஸ்புக்குல எழுதுவ இல்ல... எம்பேரையும் சேத்து நல்லபடியா எழுது. இங்க நெட்டு கெடைக்காது. சந்தைக்கு எறங்கி வரப்போ படிக்கிறேன்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பேசுவதற்கு சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம்.

முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். அவர் சொன்னதை, கமா மாறாமல்.

அலமேலு... உனக்கு சோஷியல் வந்தது. என்னைவிட நன்றாக வந்தது. அந்த வரிகள் உன்னுடையவை. பார்த்து எழுதினது நான். சார் கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான்.

நல்லபடியாக எழுதச் சொன்னாய். எனக்கு இவ்வளவுதான் வருகிறது.

குரூப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. சந்தைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் யாரும் அவளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். தனியாகப் படிக்கட்டும்.

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்களாம். நான் வரவில்லை.

போய் வாருங்கள், சார்.