டெல்பின் அக்கா படுத்துப் பார்த்த பெட்டி

பன்னிரண்டு வருடமாகப் பவுல்சாமிக்கு ஒரு மாடிப்படியின் மேல் கோபம். கே.கே. நகரில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் அவன் அப்பா செத்தபோது, சவப்பெட்டி படியின் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அப்பாவின் தலை ஆடியது. கொத்து வேலை செய்கிறவன் அவன். அந்தப் படியைக் கட்டினவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பான்.

இப்போது அவன் பிறந்து, திரும்பி வந்து குடியிருக்கும் சந்துக்கே மாடி வரப் போகிறது. மயிலாப்பூர் ஓரத்தில் சூசையப்பர் சந்து. பதினோரு ஓட்டு வீடுகள், எல்லாம் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள். அங்கே சாவு விழுந்தால் வண்டி கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கோயிலில் இருக்கும் பொதுப் பெட்டியை, தூம்பா என்பார்கள், எடுத்து வந்து வீட்டுக்கு ஒரு தோள் கொடுத்துத் தூக்கிப் போவார்கள். ஓடு ஒழுகி, சுவர் விரிந்த பிறகு, இடித்து ஐந்து மாடி கட்ட எல்லாரும் சம்மதித்தார்கள். புதிதாகப் பத்தொன்பது குடும்பம் குடிவரும்.

டெல்பின் அக்காவுக்கு நாலாவது மாடி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவள், கல்யாணம் கட்டாதவள். சந்தில் யார் செத்தாலும் முதலில் போய்க் கண்ணை மூடி, தாடை கட்டிக் குளிப்பாட்டுவது அவள் கைதான்.

வரைபடத்தில் படியின் அகலம் மூன்றடிதான் என்று பவுல்சாமி பார்த்தான். ஐந்தாவது படித்தவன் இஞ்சினியரிடம் என்ன பேசுவது? அக்காவிடம் போய்ச் சொன்னான். அவள் நேரே இஞ்சினியர் ஹரியிடம் போய் நின்றாள்.

"அதான் லிஃப்ட் இருக்கேம்மா."

"லிஃப்டுல பொணத்த நிக்க வச்சிதான் இறக்குவியா நைனா?"

"அந்த நேரத்துல பாத்துக்கலாம்மா."

"அந்த நேரத்துல நான் எங்க பாக்கறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பவுல்சாமி சந்துத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் அந்தப் படியையும் திருப்பத்தையும் அளவு மாறாமல் கோடு போட்டான். தூம்பா வந்தது. காலிப் பெட்டியென்றால் சாய்த்துக் கொண்டு போய்விடுவார்கள் என்று, யாரும் எதிர்பாராமல் டெல்பின் அக்காவே அதில் ஏறிப் படுத்துவிட்டாள்.

"இன்னாக்கா, ரிகர்சலா?" என்றான் எதிர்வீட்டு ஜோன்.

"வாய மூடிக்கினு தூக்குடா. நீ முந்திக்கினா, நான்தான் உன்னக் குளிப்பாட்டணும்."

நாலாவது தோளுக்கு ஹரியையே பிடித்து இழுத்தார்கள். திருப்பத்தில் பெட்டி நின்றது. அவன் கால் கோட்டைத் தாண்டியது.

"சார், அங்க செவுரு கீது!" என்று சந்தே கத்தியது.

உள்ளேயிருந்து குரல்: "இன்னாப்பா, இறங்கிட்டனா?"

"இல்லக்கா, மூணாவது மாடியிலயே மாட்டிக்கினு கீற," என்றான் பவுல்சாமி.

ஹரி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பவுல்சாமியின் டேப்பை வாங்கித் தானே அளந்தான். பத்து நாளில் புதுப் படம் வந்தது. படி நாலரை அடி, திருப்பம் ஆறடி. அதற்காக வீட்டுக்கு ஒரு பரண் போயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்தப் படியைப் பவுல்சாமிதான் கட்டினான். கடைசிப் படி முடிந்த அன்று திருப்பத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். சுவர் இடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு பீடி குடித்தான். வெகுநாள் கழித்து மூச்சு முழுசாக வெளியே வந்தது.

குடிவந்த அன்று கீழே டெல்பின் அக்கா சாமான்களோடு நின்றிருந்தாள்.

"படி காஞ்சிச்சாடா?"

"காஞ்சி ஒரு வாரமாச்சிக்கா."

"அப்ப பொணம் இறங்கறது இருக்கட்டும். மொதல்ல என் இரும்புக் கட்டில மேல ஏத்து. கழட்டாத, அப்படியே தூக்கினு போ."